சிஸ்டரின் வண்டி ஓட்டியவள்

அந்தத் தொகுதி இப்போது இல்லை. நகரத்தின் விளிம்பில், ரயில் பாதைக்கும் கால்வாய்க்கும் நடுவே, ஆறு தேர்தல் காலம் அது உயிரோடு இருந்தது. அதற்கு முன்பு அந்த நிலமெல்லாம் பெரிய கிராமத் தொகுதி ஒன்றின் வால். இப்போது மூன்று தொகுதிகளின் ஓரம். நடுவில் கொஞ்ச காலம்தான் அதற்கென்று ஒரு பெயரும் பாராளுமன்றத்தில் ஒரு நாற்காலியும் இருந்தன.

நகரம் பெருத்துக்கொண்டே வந்து, செங்கல் சூளைகளையும் காய்கறித் தோட்டங்களையும் மிதித்துக்கொண்டு தெற்கே இறங்கியபோது பிறந்த தொகுதி அது. புதிதாகக் குடியேறியவர்கள் பேருந்து வேண்டும், தண்ணீர் வேண்டும் என்று கேட்டால், கிராமத் தொகுதியின் உறுப்பினர் உர விலையைப் பற்றிப் பேசிவிட்டுப் போனார். கேட்டுக் கேட்டுச் சலித்தபின் தனித் தொகுதி வந்தது.

முதலில் ஜெயித்தவர் ஒரு வக்கீல். நகரத்துக்குள் வீடு. தொகுதிக்கு வருவார், ஆனால் கார்க் கண்ணாடியை இறக்க மாட்டார். உள்ளேயிருந்து வாயை அசைத்துக்கொண்டே போவார். "மீன் தொட்டி வருது" என்று ஜனங்கள் வழிவிடுவார்கள். அடுத்தவர் சூளை முதலாளி. தன் சூளைச் செங்கல்லிலேயே ஊர் முழுக்கப் பேருந்து நிழற்குடைகள் கட்டினார். எல்லாமே இடது பக்கம் சாய்ந்து நின்றன. மூன்றாவது தேர்தலில் ஜெயித்தவர்தான் சிஸ்டர். அதன்பிறகு தொகுதி சாகும்வரை அவர் அதை யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை.

சிஸ்டர் அரசு ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டு நர்சாக இருந்தவர். தொகுதியின் இளவட்டங்களில் பாதிப் பேர் அவர் கையில் வழுக்கிக்கொண்டு வந்து விழுந்தவர்கள். மேடையில் அவர் அதிகம் பேச மாட்டார். "உங்க மொத அழுகைய கேட்டவ நான். இப்ப அழுதா மட்டும் கேக்க மாட்டேனா?" என்பார். அவ்வளவுதான் பிரச்சாரம்.

அந்த மூன்றாவது தேர்தலில் சிஸ்டரிடம் வண்டி இல்லை. ஆஸ்பத்திரித் துணி வேனை விடுமுறை நாளில் இரவல் வாங்கினார்கள். வேனோடு அதை ஓட்டுகிறவளும் வந்தாள். வார்டுகளின் அழுக்குத் துணியைச் சலவைக்கூடத்துக்குக் கொண்டுபோவதும், வெளுத்த துணியைத் திருப்பிக் கொண்டுவருவதும் அவள் வேலை. வேனுக்குள் எப்போதும் பிளீச்சிங் பவுடர் வாடை. அந்த வாடைக்கு நடுவில் முன் இருக்கையில் உட்கார்ந்து சிஸ்டர் ஊர் ஊராய்ப் போய் ஓட்டுக் கேட்டார், ஜெயித்தார், பழைய கார் ஒன்றை வாங்கினார்.

"எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது. உனக்கு அரசியல் தெரியாது. ரெண்டும் தெரிஞ்ச ஒருத்தி வந்தா என்னையும் ஏமாத்துவா, உன்னையும் ஏமாத்துவா. நீயே வந்துருடி" என்றார் சிஸ்டர்.

அப்படித்தான் அவள் டிரைவரம்மா ஆனாள். சிஸ்டர் ஒருநாளும் பின்னால் உட்கார்ந்ததில்லை. "பின்னாடி உக்காந்தா பேஷன்ட் மாதிரி இருக்கு" என்பார்.

சிஸ்டருக்கு அலுவலகம் என்று ஓர் அறை இருந்தது. ஆனால் உண்மையான அலுவலகம் அந்தக் கார்தான். காலையில் ஏதாவது ஒரு தெருமுனையில், மரமோ கடை நிழலோ பார்த்து வண்டியை நிறுத்துவாள். சிஸ்டர் முன் கதவைத் திறந்து, ஒரு காலை வெளியே ஊன்றி உட்கார்ந்துகொள்வார். ஜனங்கள் வந்து கதவைப் பிடித்துக்கொண்டு குறையைச் சொல்வார்கள்.

ஒருநாள் ஓர் ஆள் வந்து, தன் சந்தில் விளக்கே எரியவில்லை, இருட்டில் பெண்பிள்ளைகள் நடக்க முடியவில்லை என்று கண்கலங்கினான். டிரைவரம்மாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அந்த விளக்கைக் கல்லால் அடித்தவனே அவன்தான். ஜன்னலில் வெளிச்சம் விழுந்து தூக்கம் கெடுகிறது என்று அடித்துவிட்டு, பிறகு திருட்டுப் பயம் வந்து ஓடிவந்திருக்கிறான். சிரிப்பை மறைக்கக் குனிந்தபோது கை பட்டு வைப்பர் ஒருமுறை கறகறவென்று கண்ணாடியைத் துடைத்துவிட்டு நின்றது. மழையும் இல்லை, தூசியும் இல்லை. சிஸ்டர் திரும்பி அவளைப் பார்த்தார். பார்த்த மாத்திரத்தில் புரிந்துகொண்டார். "சரிப்பா, பாக்குறேன்" என்று அவனை அனுப்பிவிட்டார்.

அதிலிருந்து அது வழக்கமாயிற்று. வைப்பர் ஒருமுறை அசைந்தால், இவர் சொல்வது பொய். இருமுறை அசைந்தால், இது நிஜம், உடனே செய்யுங்கள். அசையாவிட்டால், எனக்குத் தெரியாது, நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். துணி வேன் ஓட்டிய காலத்தில் அவள் நுழையாத சந்து கிடையாது. போதாததற்கு அவள் வீட்டுக்காரர் ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் பஞ்சர் கடை வைத்திருந்தார். டயரைக் கழற்றுவதற்குள் ஊர்க்கதை முழுவதும் கழன்றுவிடும். யார் பொய், யார் மெய் என்பது அவளுக்கு அத்துப்படி.

ஜனங்கள் வண்டியில் ஏதோ கோளாறு என்று நினைத்தார்கள். மெக்கானிக் ஒருவன் மனு கொடுக்க வந்தவன் மனுவை மறந்துவிட்டு, "சிஸ்டர், காசு வேணாம், அந்த வைப்பர நான் சரி பண்ணித் தரேன்" என்று சட்டைக் கையை மேலே மடித்துக்கொண்டு நின்றான். அன்றைக்குச் சிஸ்டரும் அவளும் கால்வாய்ப் பாலம் தாண்டும்வரை சிரித்தார்கள்.

அந்தச் சிரிப்புதான் டிரைவரம்மாவின் சொத்து. அதில் யாருக்கும் பங்கு தர அவளுக்கு மனம் வரவில்லை. சிஸ்டரோடு யாராவது தனியாகப் பேசினால் அவளுக்கு வயிறு எரியும். மேடையில் மைக்கைப் பார்த்தாலே பிடிக்காது. பாராளுமன்றக் கூட்டத்தொடர் என்று சிஸ்டர் தலைநகருக்குப் போய்விட்டால், அந்தக் கட்டடத்தைத் தன் சக்களத்தி மாதிரி நினைத்துக்கொண்டு வீட்டில் பாத்திரத்தை உருட்டுவாள்.

"உனக்குத் தாலி கட்டுனது நானா, அந்தம்மாவா?" என்று பஞ்சர்க்காரர் கேட்பார்.

"நீங்கதான். அதனாலதான் சோறு போடுறேன்."

"ஒருநாளாவது என்னை அந்த முன் சீட்டுல உக்கார வச்சுருக்கியா நீ?"

"உங்க கைல கிரீஸ்."

அவர் கையைத் திருப்பிப் பார்த்துக்கொள்வார். அது நியாயம்தான் என்று அவருக்கும் படும்.

ஆறாவது தேர்தல் முடிந்து பாதிக் காலம் போன பிறகு தொகுதிப் பிரிப்பு வந்தது. நகரம் இன்னும் பெருத்துவிட்டது, கணக்கை மாற்ற வேண்டும் என்றார்கள். தொகுதியை மூன்றாக அறுத்தார்கள். வடக்குத் துண்டு நகரத்தோடு போயிற்று. கிழக்கே ஏரிப் பக்கம் வேறொன்றோடு சேர்ந்தது. சூளைப் பக்கத்தை, கால்வாய்க்கு அப்பால் புதிதாக முளைத்திருந்த அடுக்குக் குடியிருப்புகளோடு தைத்து ஒரு புதுத் தொகுதி செய்தார்கள். பழைய பெயர் எதற்கும் கிடைக்கவில்லை. யாரும் அதற்காகத் தெருவில் இறங்கவில்லை. டீக்கடையில் ஒருவர், "அப்ப நம்ம எம்பி யாரு?" என்று கேட்டார். "உன் வீட்டு வாசல் எந்தப் பக்கம் பாத்திருக்குன்னு சொல்லு, சொல்றேன்" என்றார் இன்னொருவர். அத்தோடு சரி.

சிஸ்டர் புதுத் தொகுதியில் நிற்பது என்று முடிவாயிற்று. அடுக்குக் குடியிருப்புகளில் அவருக்கு ஒருவரையும் தெரியாது. அங்கே யாருக்கும் அவர் பிரசவம் பார்த்ததில்லை. அதனால் கட்சி ஒரு பெண்ணை அனுப்பியது. அந்தக் குடியிருப்பிலேயே வளர்ந்தவள், படித்தவள், கையில் எப்போதும் புதுத் தொகுதியின் வரைபடம் ஒளிரும் ஒரு டேப்லெட். கட்சிக்காரர்கள் அவளை மேப்புப் பொண்ணு என்று கூப்பிட்டார்கள். டிரைவரம்மா மனதுக்குள் மேப்புக்காரி என்று மாற்றிக்கொண்டாள்.

கூடவே இன்னொரு சேதியும் வந்தது. சிஸ்டர் ஜெயித்தால் புது அலுவலகம், புது வண்டி, வண்டிக்குக் கட்சியே ஆள் கொடுக்கும். பழைய ஆள்தான் வேண்டும் என்று சிஸ்டர் ஒரு வார்த்தை சொன்னால் போதும், விட்டுவிடுவார்கள். அந்த வார்த்தைக்காக டிரைவரம்மா காத்திருந்தாள். காலையில் கதவைத் திறந்துவிடும்போது காத்திருந்தாள், சாயங்காலம் வீட்டில் இறக்கிவிடும்போது காத்திருந்தாள். சிஸ்டர் வெயிலைப் பற்றிப் பேசினார், முழங்கால் வலியைப் பற்றிப் பேசினார். அதைப் பற்றி மட்டும் பேசவில்லை.

மேப்புக்காரி வந்த முதல் நாளே சிஸ்டர் பின் இருக்கைக்குப் போய்விட்டார். வரைபடத்தை இருவரும் சேர்ந்து பார்க்க வேண்டுமாம். அந்தப் பெண் வந்து முன் இருக்கையில் உட்கார்ந்திருந்தால்கூட டிரைவரம்மா தாங்கியிருப்பாள். இப்போது பக்கத்தில் வெறும் இருக்கை. மேலே கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு இரண்டு தலைகள், ஒன்று நரை, ஒன்று கறுப்பு. அந்தப் பெண் மெல்ல ஏதோ சொல்வாள், சிஸ்டர் சிரிப்பார். பாலம் தாண்டும்வரை சிரிப்பார்.

சண்டை போடலாம் என்றால் அந்தப் பெண் இடம் கொடுக்கவில்லை. "அக்கா, தண்ணி குடிங்க. அக்கா, உங்க பொண்ணுக்கு எத்தனையாவது மாசம்?" என்று உருகினாள். டிரைவரம்மா தன்னால் முடிந்ததைச் செய்தாள். நிழல் இருக்க வெயிலில் நிறுத்தினாள். வேகத்தடையில் வேகம் குறைக்க மறந்தாள். வழி கேட்கச் சொன்னால் காது கேட்காத மாதிரி ஓட்டி, முட்டுச் சந்தில் போய் நின்றாள்.

"என்னடி, உனக்கே வழி தெரியலயா?" என்றார் சிஸ்டர் பின்னாலிருந்து.

"மேப்புல இருக்குமே, பாக்கச் சொல்லுங்க."

அந்தப் பெண் உண்மையிலேயே பார்த்து வழி சொன்னாள். சரியான வழியாகவும் இருந்தது. டிரைவரம்மாவுக்கு அதுதான் பொறுக்கவில்லை.

தேர்தலுக்குச் சில வாரம் இருக்கும்போது அடுக்குக் குடியிருப்பில் வண்டியை நிறுத்தினார்கள். இங்கே தெருமுனையில் உட்காரும் பழைய முறையே போதும் என்று சிஸ்டர் சொல்லிவிட்டதால், அன்றைக்கு அவர் முன் இருக்கைக்கு வந்து, கதவைத் திறந்து காலை ஊன்றினார். டிரைவரம்மாவுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. கை வைப்பர்த் தண்டின் மேல் தயாராக இருந்தது.

முதலில் வந்தது மேப்புக்காரியின் சித்தி. பிளாஸ்டிக் செருப்பும் படபடப்பான பேச்சுமாக, தரைத்தள வீடுகளின் கதையைச் சொன்னாள். மழை பெய்தால் சாக்கடை தெருவில் ஓடுவதில்லை, குளியலறை ஓட்டை வழியாக வீட்டுக்குள் வருகிறது. மாமியார் படுத்த படுக்கை. கட்டிலுக்குச் செங்கல் வைத்து உயர்த்தியிருக்கிறோம். மழைக்காலம் தொடங்குவதற்குள் குழாயை மாற்றச் சொல்லுங்கள். மேப்புக்காரி சித்தியின் தோளில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

சிஸ்டர் அந்தச் சித்தியின் கையைத் தன் இரண்டு கைகளுக்குள் வாங்கிக்கொண்டார். பிறகு மேப்புக்காரியை நிமிர்ந்து பார்த்துக்கொண்டே சித்தியிடம், "உன் அக்கா பொண்ணு எனக்குக் கெடச்சது என் அதிர்ஷ்டம்மா. இவ இல்லன்னா நான் இங்க கண்ணக் கட்டி விட்ட மாதிரி இருந்திருப்பேன்" என்றார்.

வைப்பர் ஒருமுறை அசைந்தது.

டிரைவரம்மா அதை யோசித்துச் செய்தாள் என்று சொல்ல முடியாது. யோசிக்காமல் செய்தாள் என்றும் சொல்ல முடியாது. சிஸ்டரின் முகம் அடைத்துக்கொண்டது. கை விலகியது. "சரிம்மா, பாக்குறேன்" என்றார். கதவு மூடியது, வண்டி கிளம்பியது. சித்தி பாதி வாக்கியத்தில் வாயைத் திறந்தபடி நின்றதையும், மேப்புக்காரி வண்டியோடு இரண்டு எட்டு ஓடிவந்து நின்றதையும் டிரைவரம்மா பக்கக் கண்ணாடியில் பார்த்தாள்.

"என்ன விஷயம்?" என்றார் சிஸ்டர்.

"பின்னாடி சுவர் எழுப்பி அடுப்படிய நீட்டிருக்காங்க சிஸ்டர். சாக்கடை போற வழிய அவங்களே அடச்சிட்டு நம்மகிட்ட வராங்க."

"உனக்கு எப்படித் தெரியும்? இந்தப் பக்கம் நீ வந்ததே இல்லையே."

"எங்க வீட்டுக்காரர் கடைக்கு வர ஒருத்தர் சொன்னாரு."

சிஸ்டர் பெருமூச்சு விட்டார். "சொந்தக்காரங்கன்னு இந்தப் பொண்ணு சுவர் விஷயத்தச் சொல்லாம விட்டுருக்கா போல. நல்லவேள, நீ இருந்த" என்றார். அந்த மூன்று வார்த்தைகளை டிரைவரம்மா வீடு வரைக்கும் சப்பிக்கொண்டே போனாள். இனிப்பாகத்தான் இருந்தது.

மழைக்காலம் யாரிடமும் கேட்காமல் முன்னதாகவே வந்துவிட்டது. நடுப்பகலில் வானம் கிழிந்த மாதிரி கொட்டியது. மேப்புக்காரி போனில் கூப்பிட்டாள். குரலில் அழுகை இல்லை, மரியாதைதான் கூடியிருந்தது. "மேடம், நீங்க பாக்குறேன்னு சொன்னீங்க. இப்ப வந்தா நல்லாத் தெரியும்."

சிஸ்டர் சேலையை முழங்காலுக்கு ஏற்றிச் செருகிக்கொண்டு தரைத்தள வீட்டுக்குள் இறங்கினார். டிரைவரம்மா வண்டிக்குள்ளேயே இருந்தாள். வைப்பர் விடாமல் அடித்துக்கொண்டிருந்தது, மழைக்காக. உள்ளே என்ன நடக்கிறதென்று அவளுக்குப் பார்க்காமலே தெரிந்தது. சிஸ்டர் கிழவியின் நாடியைப் பிடிப்பார். கட்டிலை மாடிக்குத் தூக்கச் சொல்வார். பிறகு கறுத்த தண்ணீருக்குள் காலால் தடவித் தடவிப் பின்பக்கம் போவார். அங்கே சுவரும் இருக்காது, அடுப்படியும் இருக்காது.

வெகுநேரம் கழித்துச் சிஸ்டர் வந்து முன் இருக்கையில் உட்கார்ந்தார். வண்டிக்குள் சாக்கடை நாற்றம் நிறைந்தது.

"சுவர் எங்கடி?"

டிரைவரம்மா ஸ்டீயரிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கடைக்கு வர ஆளு யாரு?"

அவள் வைப்பர்த் தண்டிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"ஏன் செஞ்ச?"

"அவ சித்தின்னு" என்றாள் டிரைவரம்மா. அதற்கு மேல் அவளுக்கு வரவில்லை. அது போதுமாகவும் இருந்தது.

சிஸ்டர் சேலை ஓரத்தைப் பிழிந்தார். பிழிந்துகொண்டே, "இது ஒண்ணுதானா?" என்று கேட்டார்.

"சத்தியமா இது ஒண்ணுதான் சிஸ்டர். இத்தன வருஷத்துல இது ஒண்ணுதான்."

"அத நான் எப்படி நம்புறது? எந்தத் தெருவுக்கு லைட்டு, எந்தச் சந்துக்குக் குழாய், யாருக்கு ஒண்ணும் இல்லன்னு எல்லாமே உன் கையப் பாத்துதானே முடிவு பண்ணேன். நாலு தேர்தல். ஒரு தொகுதி முழுக்க." சேலை ஓரத்தை உதறி விட்டார். "நாளைக்குப் பழைய பக்கம் போறோம். நீ ஒருதடவ ஆட்டி நான் திருப்பி அனுப்புனவங்க எத்தன பேரு ஞாபகம் வராங்களோ, அத்தன வீட்டுக்கும்."

கட்சிக்காரர்கள் தலையில் கை வைத்துக்கொண்டார்கள். தேர்தல் கழுத்தைப் பிடிக்கிற நேரத்தில் யாராவது ஓட்டே இல்லாத இடத்துக்குப் போவார்களா? மேப்புக்காரி டேப்லெட்டில் அந்தப் பகுதியைத் தேடிக் காட்டினாள். அங்கே வண்ணம் இல்லாமல் வெள்ளையாகக் கிடந்தது. "மேடம், இது நம்ம தொகுதியே இல்ல. ஒரு ஓட்டுகூட வராது."

"தெரியும்மா. நீ அவங்க வீட்டுச் சாக்கடைய கவனி. நானும் இவளும் போயிட்டு வரோம்."

நானும் இவளும். டிரைவரம்மா முந்தின நாள் சாப்பிடவில்லை, தூங்கவில்லை. ஆனால் அந்த வார்த்தை காதில் விழுந்ததும் உள்ளே எங்கோ ஒரு பல்பு எரிந்தது. அவளுக்கே வெட்கமாக இருந்தது. எரிந்தது எரிந்ததுதான்.

காலை வெயிலில் வண்டி பழைய தெருக்களுக்குள் நுழைந்தது. சாய்ந்த நிழற்குடைகள், சாத்தியிருந்த ரயில்வே கேட், சலவைக்கூடத்தின் புகைபோக்கி. சிஸ்டர் பக்கத்தில். பின் இருக்கை காலி. தண்டனைக்குப் போகிற வழி இவ்வளவு சுகமாக இருக்கும் என்று டிரைவரம்மா நினைக்கவில்லை.

முதலில் விளக்கை உடைத்தவன் வீடு. அவனுக்கு இப்போது முன் தலை வழுக்கை. சிஸ்டர் நேராகவே கேட்டார். "அன்னிக்கு நீ லைட்டு கேட்டு வந்த. நான் செய்யல. உனக்கு நான் அநியாயம் பண்ணிட்டேனா?"

அவன் மனைவியைத் திரும்பிப் பார்த்தான். மனைவி, "சொல்லுங்க" என்றாள்.

"நான்தான் சிஸ்டர் ஒடச்சேன்" என்றான் அவன். "தூக்கம் வரல. அதுக்காக இப்பவா கேக்க வருவீங்க?"

டிரைவரம்மா வாசலில் நின்று வானத்தைப் பார்த்தாள். முகத்தில் ஒன்றும் காட்டாமல் இருக்கப் பெரும்பாடு பட்டாள்.

இரண்டாவது, மகன் ஊனம் என்று சொல்லி உதவி கேட்ட அம்மாள். மகனே கதவைத் திறந்தான், பந்து மட்டையோடு. மூன்றாவது வீட்டிலும் அப்படித்தான். ஒவ்வொரு வாசலிலும் டிரைவரம்மா கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்ந்தாள். அடுத்த தெருவுக்குப் போகும்போது, "சொன்னேன்ல சிஸ்டர்" என்று ஆரம்பித்தாள். சிஸ்டர்கூட லேசாகச் சிரித்தார்.

நான்காவது வீடு தையல்காரியுடையது.

டிரைவரம்மா அந்தத் தெருவைத் தாண்டி ஓட்டிவிடப் பார்த்தாள். சிஸ்டர்தான் நிறுத்தச் சொன்னார். தையல்காரி ஒரு காலத்தில் பிரசவ வார்டில் ஆயாவாக இருந்தவள். சிஸ்டரும் அவளும் எத்தனையோ நாள் வார்டைச் சேர்ந்து காவல் காத்தவர்கள். பிறகு தையல் பழகி வேலையை விட்டுவிட்டாள். சாலையை அகலப்படுத்தக் குறி போட்டபோது, தன் வீட்டின் மேல் தவறாகக் கோடு விழுந்துவிட்டது, அளந்து பார்க்கச் சொல்லு என்று கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். கேட்பதற்கு முன்பு இருவரும் ஏதோ பழைய பட்டப்பெயர் சொல்லிக் கூப்பிட்டு, கட்டிக்கொண்டு சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு டிரைவரம்மாவுக்கு இப்போதும் காதில் இருந்தது. அன்றைக்கு வைப்பர் ஒருமுறை அசைந்தது. ஏன் அசைந்தது என்று அவள் அதன்பிறகு தன்னைக் கேட்டுக்கொண்டதில்லை. அந்த வீட்டுக்காரர்கள் புறம்போக்கில் தள்ளிக் கட்டியவர்கள் என்று யாரோ சொன்னதாக வைத்துக்கொண்டாள். யார் சொன்னது என்று நினைத்துப் பார்த்தால் முகம் வரவில்லை.

வீட்டின் முன் அறை குறுக்காக வெட்டப்பட்டிருந்தது. ஒரு மூலையில் ஆள் நிற்கலாம், மறு மூலையில் பூனைதான் நிற்கலாம். அந்தக் கோணலான அறையில் தையல் இயந்திரத்தைச் சரித்துப் போட்டு, சுவரில் முழங்கை இடிக்காமல் இருக்க இடது கையை உடம்போடு ஒட்டிக்கொண்டு அவள் தைத்துக்கொண்டிருந்தாள்.

"வா வா. ஓட்டுக் கேக்கவா? எனக்கு இங்க வேற ஆளுப்பா" என்றாள் தையல்காரி.

"ஓட்டுக்கு இல்ல. அன்னிக்கு நீ வந்து கேட்டியே, கோடு தப்புன்னு."

"ஆமா. பாக்குறேன்னு சொன்ன. நானும் நீ பாத்துட்டு இருக்கன்னு நினைச்சிட்டே இருந்தேன். ஒருநாள் புல்டோசர் வந்து சுவரப் பாத்துடுச்சு." சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். "அளந்தவன் அப்புறமா வந்து, கோடு எதிர்ப்பக்கம் விழ வேண்டியதுன்னு சொன்னான். நல்ல பையன். இடிச்ச பிறகாவது சொன்னான்."

சிஸ்டர் அந்த வெட்டுச் சுவரைக் கையால் தொட்டுப் பார்த்தார். அவர் கண் நிறைந்துவிட்டது. தையல்காரி எழுந்து வந்து, "அட, இதுக்குப் போயி. அந்த மூணாம் நம்பர் கட்டில்ல நீ அழுத அழுகைய விடவா இது?" என்று அவர் கன்னத்தைத் துடைத்தாள். ஏதோ பழைய வார்டுக் கதை. சிஸ்டருக்கு அழுகைக்கு நடுவே சிரிப்பு வந்துவிட்டது. இருவரும் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்துகொண்டு, குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்கள். அந்தக் கட்டில் கதை டிரைவரம்மாவுக்குத் தெரியாது. இத்தனை வருடத்தில் சிஸ்டர் அதைச் சொன்னதில்லை.

சிரித்துக்கொண்டே சிஸ்டர் திரும்பினார். வாசலில் நின்ற டிரைவரம்மாவின் முகத்தைப் பார்த்தார். சிரிப்பு நின்றுவிட்டது.

திரும்பி வண்டிக்கு வந்தபோது சிஸ்டர் முன் கதவைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் வெளியிலேயே நின்றார்.

"இடிஞ்ச வீட்டுல நின்னுக்கிட்டு நான் அவளோட சிரிக்கிறேன். அப்பகூட உனக்கு எரியுது."

"இல்ல சிஸ்டர்."

"காலையிலேர்ந்து நீ சந்தோஷமா இருக்க. அதையும் பாத்தேன். எதுக்கு வந்திருக்கோம்னு தெரிஞ்சும் சந்தோஷமா இருக்க."

டிரைவரம்மா இதற்கு இல்லை என்று சொல்லவில்லை.

"இத்தன வருஷமா பக்கத்துல பக்கத்துல உக்காந்து ரெண்டு பேரும் ரோட்டப் பாத்துட்டே வந்துட்டோம். உன் மூஞ்சிய நான் பாக்கவே இல்ல" என்றார் சிஸ்டர். குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் டிரைவரம்மாவுக்குப் பிடிமானமாக இருந்திருக்கும். "தேர்தல் வரைக்கும் ஓட்டு. அதுக்கப்புறம் வேணாம். ஜெயிச்சாலும் சரி, தோத்தாலும் சரி."

"அந்தப் பொண்ணுக்கு ஓட்டத் தெரியாது சிஸ்டர்."

"கத்துக்குவா."

"அவளுக்கு யாரு பொய் சொல்றான்னு தெரியாது."

"ஏமாந்துட்டுப் போறேன்" என்றார் சிஸ்டர். பின் கதவைத் திறந்து உட்கார்ந்துகொண்டார். "வண்டிய எடுங்க."

எடுடி என்றுதான் எப்போதும் சொல்வார். டிரைவரம்மா எடுத்தாள்.

மிச்சமிருந்த நாட்களில் அவள் ஒரு குலுக்கல் இல்லாமல் ஓட்டினாள். நிழல் பார்த்து நிறுத்தினாள். மேப்புக்காரிக்குத் தண்ணீர் வாங்கிக் கொடுத்தாள். மனது மாறாதா என்று பார்த்தாள். சிஸ்டர் ஒவ்வொரு முறையும் நன்றி சொன்னார், நீங்க போட்டு. சித்தி வீட்டுக் குழாயை மாற்றினார்கள். வாக்குப்பதிவு நாளில் சித்தியே வாசலுக்கு வந்து சிஸ்டரைக் கைப்பிடித்து அழைத்துப்போனாள். அந்தக் குடியிருப்பின் ஓட்டில்தான் சிஸ்டர் நூலிழையில் கரையேறினார் என்று பிறகு பேசிக்கொண்டார்கள்.

அவரை அங்கே விட்டுவிட்டு, தன் ஓட்டைப் போட டிரைவரம்மா வீட்டுப் பக்கம் வந்தாள். அவள் வீடு வடக்குத் துண்டில் விழுந்திருந்தது. நகரத் தொகுதி. பள்ளிக்கூடத்து வகுப்பறையில் வாக்குச்சீட்டை வாங்கிக்கொண்டு அட்டைத் தடுப்புக்குப் பின்னால் போனாள். மேலிருந்து கீழே படித்தாள். கீழிருந்து மேலே படித்தாள். சிஸ்டர் பெயர் இருக்காது என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் தேடினாள். சிஸ்டர் கட்சியின் பெயருக்கு நேரே யாரோ ஓர் அம்மாள். போஸ்டரில் பார்த்திருந்தாள், காரிலிருந்து கையசைப்பது மாதிரிப் படம். ஓட்டுகிறவளின் தோளும் காதும் மட்டும் படத்தின் ஓரத்தில் தெரிந்தன. காதில் சின்னத் தோடு.

அவள் நேரம் எடுத்துக்கொள்வதைப் பார்த்து, மேசையில் இருந்தவர் தொண்டையைச் செருமினார்.

வெளியே பஞ்சர்க்காரர் வெயிலுக்குக் கையைக் குடையாகப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"என்ன, உள்ள குடித்தனமே நடத்திட்ட? அவங்க கட்சிக்குத்தானே போட்ட?"

"இல்ல. அந்தச் சுயேச்சைக்கு. சைக்கிள்ல போயி ஓட்டுக் கேட்டாரே, ரிட்டையர் ஆன கணக்குப்பிள்ளை."

"அந்தாளுக்கா? அவரு வீட்டுலயே அவருக்குப் போடுவாங்களான்னு சந்தேகம். அவருகிட்ட என்னத்தக் கண்ட?"

"அவருக்கு டிரைவர் கிடையாது" என்றாள் அவள். சிஸ்டரைக் கூப்பிடப் போக நேரமாகிவிட்டது என்று வண்டியை நோக்கி நடந்தாள்.